கடைசிப் பாட்டு ஏன் ஓடியது

நம் ஒலிப்பதிவாளர் சங்கக் கூட்டத்தில் என்னை ‘இந்தத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர்’ என்று அறிமுகப்படுத்தியபோது முன்வரிசையில் இருந்த நீங்கள் நாலைந்து பேர் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டியதுதான். எனக்கு முப்பது வயது. திருவண்ணாமலையில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தது ஏழு வருஷம். போன தை மாதம் கடையைக் கைமாற்றிவிட்டு, ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் போய்விட்டேன். ஒரே நாற்காலியில் நெடுநாள் உட்காரும் உடம்பு இல்லை எனக்கு.

சங்கத்தின் ஆண்டு மலருக்கு அனுபவம் ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் கேட்டார். மைக்கை எங்கே வைப்பது, டேப் ஹெட்டை எதைத் தொட்டுத் துடைப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். நான் எழுதப்போவது ஒரே ஒரு கேசட்டைப் பற்றி. அதில் நான் இரண்டு தப்புகள் செய்தேன். முதல் தப்பை அறியாமல் செய்தேன். இரண்டாவதை நன்றாக அறிந்தே செய்தேன்.

திருவண்ணாமலையில் ராக் பேண்டா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எழுபதுகளில் ரமணாசிரமத்தை ஒட்டிய வாடகை அறைகளில் வந்து தங்கிய வெள்ளைக்காரர்கள், ஊருக்குத் திரும்பும்போது தூக்க முடியாததையெல்லாம் விட்டுவிட்டுப் போவார்கள். ஸ்டவ், கம்பளி, புத்தகம். ஒருவர் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை விட்டுப் போனார். அது என் காலேஜ் தோழன் சேகர் கைக்கு வந்தது. இன்னொருவர் விட்டுப்போன சின்ன கேசட் ரெக்கார்டர் என் கைக்கு வந்தது. அவன் பாடகன் ஆனான். எனக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது; அதனால் நான் ‘ரெக்கார்டிங் இன்ஜினியர்’ ஆனேன். பட்டம் நானே கொடுத்துக்கொண்டது.

பேஸ் கிட்டார் வாசித்தவன் தயாளன். டிரம்ஸ் அன்வர் பாய். எங்களைவிட இரண்டு வயது மூத்தவர். செங்கம் ரோட்டில் அவர்கள் குடும்பத்துக்கு லாரிக்கும் பஸ்ஸுக்கும் சீட்டு தைக்கும் கடை உண்டு. கல்யாண பேண்டு செட்டில் வாசித்துப் பழகி, பிறகு எங்கிருந்தோ ஒரு பழைய டிரம் செட்டை வாங்கி, அதன் கிழிந்த தோலையெல்லாம் தானே மாற்றி வைத்திருந்தார். அவர் வாசிக்கும்போது பார்க்க ஒன்றும் இருக்காது. தலையை ஆட்ட மாட்டார், சிரிக்க மாட்டார், சீட்டுத் தைக்கிற மாதிரியே உட்கார்ந்து வாசிப்பார்.

கீழ்பென்னாத்தூரில் தயாளனின் மாமாவுக்கு ஒரு மணிலாக்கொட்டைக் கிடங்கு இருந்தது. சீசன் இல்லாத மாதங்களில் காலியாகக் கிடக்கும். அங்கேதான் ஒத்திகை. கிடங்குக்குக் கரண்ட் கிடையாது. மைக் செட் ஆம்ப்ளிஃபயரைப் பன்னிரண்டு வோல்ட் லாரி பேட்டரியில் போட்டு ஓட்டுவார்கள். பேண்டின் பெயரே ‘ட்வெல்வ் வோல்ட்’. ஊரில் எல்லோரும் ‘பேட்டரி பசங்க’ என்றார்கள்.

நாங்கள் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, மெட்ராஸில் ஒரு ஹோட்டல் தினமும் சாயங்காலம் வாசிக்க ஒரு பேண்டு தேடுவதாகத் தெரிந்தது. ஒலிநாடா அனுப்பச் சொன்னார்கள். ஒரு நாள் மத்தியானம் கிடங்கில் உட்கார்ந்து, கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க ஏழு பாட்டுகளை நிறுத்தாமல் பதிவு செய்தோம். கடைசிப் பாட்டு ‘செங்கம் ரோடு’. சேகரும் அன்வர் பாயும் சேர்ந்து உண்டாக்கியது. எட்டு நிமிஷம். எங்களிடம் இருந்ததிலேயே நல்ல பாட்டு அதுதான்.

அன்று சாயங்காலம் சேகர் வீட்டில், கரண்டில் ஓடும் பெரிய ரெக்கார்டரில் போட்டுக் கேட்டோம். ஆறு பாட்டும் நன்றாக இருந்தன. ‘செங்கம் ரோடு’ சரியாகத்தான் ஆரம்பித்தது. பாதியில் வேகம் எடுக்கத் தொடங்கி, கடைசி இரண்டு நிமிஷம் யாரோ துரத்துகிற மாதிரி ஓடியது.

“பாய், ஓட்டிட்டீங்க” என்றான் சேகர்.

“எனக்குத் தெரியலயே” என்றார் அன்வர் பாய். திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார். “ஆமா. ஓடுது” என்று ஒப்புக்கொண்டார்.

கிட்டாரின் சுருதியும் சேர்ந்து ஏறியதே, யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். தயாளன் கவனித்தான். டிரம்ஸ் விரட்டியதில் சேகர் பதறிக் கம்பியை இழுத்துவிட்டான் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தோம். இதை மட்டும் மனதில் வையுங்கள். தப்பு யாருடையது என்று ஒரு தடவை முடிவு செய்துவிட்டால், அப்புறம் காதில் விழுவதெல்லாம் அவர் கணக்கில்தான் சேரும்.

மறுபடி பதிவு செய்ய நாள் இல்லை. அதையே அனுப்பினோம். பதில் வந்தது: பாட்டு பிடித்திருக்கிறது, டிரம்மர் மட்டும் ஓட்டுகிறார், வேறு ஆளோடு வந்தால் பார்க்கலாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் அந்தக் கடிதம் நாலு பேர் கையிலும் மாறி மாறிப் போய் வந்தது. கடைசியில் அன்வர் பாய்தான் பேசினார்.

“நான் விலகிக்கிறேன். நீங்க போங்க.”

“பாய், அப்டி இல்ல…” என்று இழுத்தான் தயாளன்.

“என் கை ஓடுதுப்பா. கேட்டோம் இல்ல? அப்புறம் இன்னா.”

வேலூரிலிருந்து ஒரு டிரம்மரைச் சேர்த்துக்கொண்டு அவர்கள் போனார்கள். ஹோட்டல் கிடைத்தது. ஒரு ஹோட்டல் இரண்டாயிற்று, பிறகு மேடைக் கச்சேரி, கேசட் என்று சேகர் வளர்ந்துவிட்டான். அன்வர் பாய் டிரம் செட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். கல்யாண பேண்டிலிருந்து கூப்பிட்டாலும் போவதில்லை என்று கேள்விப்பட்டேன். நான் படிப்பை முடித்து, இங்கும் அங்கும் அலைந்து, கடைசியில் தேரடி வீதியில் ரெக்கார்டிங் கடை போட்டேன்.

அந்த மத்தியானம் கழிந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். சேகர் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய பழைய கேசட்டுகளோடு என் கடைக்கு வந்தான். மெட்ராஸில் ஒரு கேசட் கம்பெனி அவர்களுடைய ஆரம்பகாலப் பதிவுகளைத் தொகுத்து வெளியிட விரும்புகிறது. பெயர்கூட வைத்தாயிற்று: ‘முதல் சத்தம்’.

“எல்லாம் நீ புடிச்சதுதானே. நீயே சுத்தம் பண்ணிக் குடு” என்றான். “கடைசிப் பாட்டு மட்டும் இன்னா பண்றதுன்னு பாரு.”

“செங்கம் ரோடா? விட்டுடலாமே.”

“எப்டிடா விடறது? கம்பெனிக்காரரு அதைத்தான் கேக்கறாரு. கச்சேரில இன்னிக்கும் அதான் ஜாஸ்தி கேக்கறாங்க. ஒண்ணும் முடியலன்னா சொல்லு, இப்ப இருக்கற டிரம்மரை மேல வாசிக்க வச்சிட்டு பாயோடதை அமுக்கிடலாம்.”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அதையும் எழுதிவிட வேண்டும்.

பழைய பதிவைத் தொகுக்கும்போது நாம் முதலில் செய்யும் காரியம், பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள குப்பையை வெட்டுவது. இருமல், நாற்காலி இழுக்கும் சத்தம், “ரெடியா?” எல்லாம் போய்விடும். அன்றும் வெட்டத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் பஜனை கோஷ்டி ஒன்று வந்து தங்கள் கேசட்டைக் கேட்க, அதைத் தேடி எடுத்துக் கொடுக்கும்வரை டேப் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முதல் பாட்டு ஆரம்பிக்குமுன் ஒரு மணிச் சத்தம். கிடங்கின் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் உண்டு. தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் பியூன் அடிப்பார். மத்தியானத்து முதல் பீரியடு.

நாற்பது நிமிஷம் கழித்து, ‘செங்கம் ரோடு’ ஓடி முடிந்து, கடைசி அடி அடங்கியதும் மறுபடி அதே மணி. அதன்மேல் அன்வர் பாயின் குரல்: “கரெக்டா வந்துச்சா?” அதற்கு மேல் பதிவு இல்லை. நான் பட்டனை அழுத்தியிருக்கிறேன்.

இரண்டாவது மணி என்னவோ செய்தது. பின்னால் சுற்றி முதல் மணியைக் கேட்டேன். முன்னால் ஓட்டி இரண்டாவதைக் கேட்டேன். பஜனைக்காரர்கள் வைத்துவிட்டுப் போன ஹார்மோனியம் மூலையில் இருந்தது. முதல் மணி எந்தக் கட்டையோடு சேர்கிறது என்று தேடிப் பிடித்தேன். இரண்டாவது மணி அதோடு சேரவில்லை. அதற்கு அடுத்த கறுப்புக் கட்டையோடு சேர்ந்தது.

டிரம்மர் ஓட்டலாம். பாடகர் பதறலாம். தண்டவாளத் துண்டு எப்படிச் சுருதி ஏறும்?

பிசிக்ஸ் படித்தவன் நான். காரணம் உடனே மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, உறைக்க விடவில்லை என்று சொல்வதுதான் சரி. இரண்டும் வேறு வேறு மணியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை உறுதி செய்துகொள்ளலாம் என்று மறுநாள் காலை கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினேன்.

பள்ளிக்கூடத்தில் வேப்பமரத்தில் தண்டவாளம் அப்படியே தொங்கியது. பக்கத்து ஸ்டூலில் பியூன் உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, இதை ஒரு தடவ அடிச்சுக் காட்டுவீங்களா? ரெக்கார்டு பண்ணிக்கணும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அடிச்சா பசங்க பையத் தூக்கினு ஓடிடுவானுங்க. ஹெட்மாஸ்டருக்கு நீ பதில் சொல்றியா?”

“வேற மணி ஏதாச்சும் இருக்குதுங்களா? முன்ன இருந்துச்சா?”

“எதுக்கு வேற மணி? இரும்பு. எங்க போவும் அது. நான் வேலைக்குச் சேந்தப்பவே தொங்கினு இருந்துச்சு.” சற்று யோசித்து, “இன்னும் பத்து நிமிஷம் குந்து. பீரியடு முடிஞ்சா அடிப்பேன். அப்ப புடிச்சிக்கோ” என்றார்.

உட்கார்ந்தேன். ரெக்கார்டரின் முதுகைத் திறந்து, கையோடு கொண்டுபோன புது பேட்டரிகளை ஒவ்வொன்றாகக் காகிதம் கிழித்துப் போட்டேன். ஆறு. நாலாவதைப் போடும்போது கை நின்றது.

நாம் எல்லோரும் செய்ததுதான். டார்ச் லைட்டு பேட்டரி தளர்ந்துபோனால் தூக்கி எறிய மாட்டோம். மொட்டை மாடியில் வெயிலில் காயவைப்போம். சூடு ஏறினால் அதற்குக் கொஞ்சம் உயிர் வரும், பாட்டு கேட்கும். அந்த மத்தியானத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு மாடியில், காய்ந்த மிளகாய்க்குப் பக்கத்தில், ஆறு பேட்டரியை இரண்டு நாள் வெயிலில் வைத்து எடுத்துக்கொண்டு போனவன் நான். ஓட்டிப் பார்த்தேன், நன்றாக ஓடியது, திருப்தியோடு கிளம்பினேன். வெயிலில் வந்த அந்த உயிர் முப்பத்தைந்து நிமிஷம் தாங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு மோட்டார் மெல்ல மெல்லத் தளர்ந்திருக்கிறது. தளர்ந்து ஓடும் டேப்பில் பதிவானதைக் கரண்டில் முழு வேகத்தில் போட்டால் பாட்டும் ஓடும், சுருதியும் ஏறும்; உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பியூன் எழுந்து மணி அடித்தார். கடைக்கு வந்து ஹார்மோனியத்தோடு வைத்துப் பார்த்தேன். முதல் மணியின் கட்டைதான்.

என் கடையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் வைத்த டெக் ஒன்று இருந்தது. ‘செங்கம் ரோடு’ ஓட ஓட, குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே நகல் எடுத்தேன். பதினோரு தடவை கெட்டது. பன்னிரண்டாவது தடவை இரண்டாம் மணி முதல் மணியோடு ஒன்றாகச் சேர்ந்தது. பிறகு கடிகாரத்தை வைத்துக்கொண்டு முதல் நிமிஷத்து அடிகளை எண்ணினேன். எட்டாவது நிமிஷத்து அடிகளை எண்ணினேன். ஒன்றுகூடக் கூடவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை. இருபது வயதில், கரண்ட் இல்லாத கிடங்கில், எட்டு நிமிஷம் அந்த மனிதர் தாளத்தில் அசையாமல் நின்றிருக்கிறார். ஓடியது என் பேட்டரி.

இதுவரைதான் முதல் தப்பு. அறியாமல் செய்தது. இனி இரண்டாவது.

இரண்டு நாள் கழித்து சேகர் கம்பெனிக்காரரோடு வந்தான். ‘செங்கம் ரோடு’ போட்டுக் காட்டினேன். முடிகிறவரை சேகர் மூச்சு விடவில்லை.

“டேய், பாய் ஓட்டினதையே நிறுத்திட்டியே. எப்டிடா பண்ண?”

கம்பெனிக்காரர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று டெக்கைப் பார்த்தார். “மெட்ராஸ்ல எங்க ஸ்டூடியோக்காரங்க இதை முடியாதுன்னுட்டாங்க தம்பி. இன்னும் இருபது பழைய டேப்பு இருக்குது எங்ககிட்ட. எல்லாம் உங்களுக்கே அனுப்பிடறேன்.”

அப்போது நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். பாய் ஓட்டவில்லை, என் பேட்டரி தளர்ந்தது. அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, “கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் பண்ணேன்” என்றேன்.

பொய் இல்லை பாருங்கள். கஷ்டப்பட்டது உண்மைதானே. இந்த மாதிரி உண்மைகளிடம் ஜாக்கிரதையாக இருங்கள். அவர்கள் போன பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் இது: பாட்டு சரியாகிவிட்டது, இனி கேட்கிற யாரும் அன்வர் பாயைக் குறை சொல்லப் போவதில்லை, பழசைக் கிளறி யாருக்கு என்ன லாபம். இரண்டு நாள் நிம்மதியாகவே இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன், அடி அண்ணாமலையில் ஒரு காதுகுத்துக்குப் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் கேசட் அட்டையின் அச்சுப் பிரதி தபாலில் வந்தது, பிழை பார்க்க. பாட்டுகளின் பட்டியல், வாசித்தவர்கள் பெயர். கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: ‘செங்கம் ரோடு பாட்டில் டிரம்ஸ் வாசிப்பில் இருந்த தாளக் குறை நவீன முறையில் திருத்தப்பட்டுள்ளது. திருத்தியவர்: முரளி.’

சேகர் கெட்டவன் இல்லை. எனக்குப் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதிய வரி அது. ஆனால் பத்து வருஷமாக ஒரு டீக்கடையில் நாலு பேருக்குள் இருந்த பழி, இனி அச்சாகி ஊர் ஊராகப் போகும். அதன் பக்கத்திலேயே என் பெயர், பாராட்டாக.

பிரதியை மடித்துப் பையில் வைத்தேன். டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு செங்கம் ரோட்டுக்கு சைக்கிளை மிதித்தேன்.

அன்வர் பாய் ஒரு டிரைவர் சீட்டுக்குப் பச்சை ரெக்சின் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, “வா முரளி. கேசட் போடறாங்களாமே. தயாளன் சொன்னான்” என்றார்.

“ஆமா பாய். அது விஷயமாத்தான்.”

“செங்கம் ரோடு வேணாம்னு சொல்லிடு. வேற ஆளை வச்சு வாசிக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல.”

“பாய், நீங்க ஓட்டல.”

மெஷின் மிதிப்பது நிற்கவில்லை. “உடு. நான் ஓட்டுவேன், எனக்கே தெரியும். அதான் உட்டுட்டேன். போன வருஷம் தங்கச்சி கல்யாணத்துல பேண்டுக்காரங்க குச்சிய கையில குடுத்தாங்க. வாங்கல. நடுவுல ஓட ஆரம்பிச்சிட்டா பொண்ணு மாப்ள மானம் போயிடும்.”

நான் ரெக்கார்டரை சீட்டின் மேல் வைத்து இரண்டு மணிகளையும் போட்டேன். பள்ளிக்கூடத்தில் பிடித்து வந்த மணியைப் போட்டேன். பிறகு சொன்னேன். மாடி, மிளகாய், ஆறு பேட்டரி, இரண்டு நாள் வெயில். இரண்டு நாட்களுக்கு முன்னால் சேகரிடம் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் சொன்னேன். அச்சுப் பிரதியை நீட்டினேன். அவர் வாங்கிப் படித்தார். மெஷின் நின்றிருந்தது.

“மறுபடி போடு. மணி ரெண்டும்.”

போட்டேன்.

“பாட்டு.”

திருத்திய பாட்டு எட்டு நிமிஷமும் ஓடியது. ஒரு லாரிக்காரர் உள்ளே வந்து எதையோ கேட்க, அன்வர் பாய் கையைக் காட்டி நிறுத்தினார். பாட்டு முடிந்து, “கரெக்டா வந்துச்சா?” என்ற அவருடைய இருபது வயதுக் குரல் வந்தபோது ரெக்சினில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக் கீழே போட்டார்.

“ரெண்டு நாள் காய வச்சியா?”

“ஆமா பாய்.”

“புதுசு வாங்கி இருக்கலாமே முரளி.”

இவ்வளவுதான் அவர் என்னைக் கேட்டது. பத்து வருஷத்துக்கு இவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் இன்றைக்கு இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ரெக்சினை மெஷினுக்குக் கீழே சரிசெய்துகொண்டே, “சேகர்கிட்ட நீ சொல்லு” என்றார். “நான் சொன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்.”

பிரதியைத் திருப்பி அனுப்ப மாட்டேன், நேரில் வா என்று சேகருக்கு போன் செய்தேன். கோபத்தோடு வந்தான். மணியைக் கேட்டான். நான் சொன்னதைக் கேட்டான். நின்றுகொண்டிருந்தவன் உட்கார்ந்தான்.

“அந்த டீக்கடைல நான் ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாம்டா. இருங்க பாய், இன்னொரு தபா புடிச்சுப் பாக்கலாம்னு.” அவன் சொன்னது எனக்குத் தைத்தது. அந்த வார்த்தையை நானும் சொல்லியிருக்கலாம். ரெக்கார்டர் என் கையில்தான் இருந்தது.

பிறகு அவன் யோசித்துவிட்டு, “சரி, அந்த வரிய தூக்கிடலாம். பாய் பேரு மட்டும் இருக்கட்டும். பேட்டரி கதையெல்லாம் எழுத வேணாம். உன் கடைக்குத்தான் கெட்ட பேரு. அந்த இருபது டேப்பும் வராது” என்றான்.

“தூக்கினா போதாதுடா. ஹோட்டல்காரங்களுக்குத் தெரியும், வேலூர் டிரம்மருக்குத் தெரியும், இந்த ஊர்ல வாசிக்கற எல்லாருக்கும் தெரியும், பாய் ஓட்டுவார்னு. யாரும் சொல்லலன்னா அது அப்டியேதான் இருக்கும்.”

வரியை நானே எழுதிக் கொடுத்தேன். ‘செங்கம் ரோடு பாட்டின் மூலப்பதிவில் வேகம் மாறியதற்குக் காரணம், பதிவு செய்தவர் பழைய பேட்டரிகளைப் பயன்படுத்தியது. பதிவு: முரளி. டிரம்ஸ்: அன்வர்.’ சேகர் இரண்டு தடவை படித்துவிட்டுப் பையில் வைத்தான். அதற்குப் பிறகு செங்கம் ரோட்டுக்குப் போனான். நான் கூடப் போகவில்லை. அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கேசட் வந்தது. இருபது டேப் வரவில்லை. ஒரு பாட்டு கோஷ்டி வேறு கடைக்குப் போயிற்று. இரண்டு வருஷம் வரை கடைக்கு வருகிறவர்கள், “கரண்டுதானே, இல்ல மாடில காயுதா?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். அதையெல்லாம் பெரிய தண்டனையாக நான் எண்ணவில்லை. நீங்களும் எண்ண வேண்டாம். நம் தொழிலில் ஒருவருடைய கைக்கும் குரலுக்கும் நாம்தான் சாட்சி. சாட்சியே தளர்ந்துபோனால் அவருக்கு வேறு வழி கிடையாது. பதிவு சரியில்லை என்று தோன்றினால், ஆளைச் சந்தேகிக்கும் முன் கருவியைச் சந்தேகியுங்கள். கண்டுபிடித்துவிட்டால் திருத்தினால் மட்டும் போதாது, தப்பு யாருடையது என்று சொல்லுங்கள். நான் இரண்டு நாள் தாமதமாகச் சொன்னேன். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் அட்டை அச்சாகியிருக்கும்.

மெட்ராஸில் வெளியீட்டு விழாவில் வாசிக்கச் சொல்லி சேகர் கூப்பிட்டதாகவும், அன்வர் பாய் மறுத்துவிட்டதாகவும் தயாளன் சொன்னான். ஆயுத பூஜைக்கு முன்னால் கொடுக்க வேண்டிய சீட்டுகள் நிறைய இருக்கின்றன என்றாராம். சரி, இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆயுத பூஜை கழிந்த வாரம், காலையில் கடை திறந்து பத்து நிமிஷம் இருக்கும். அன்வர் பாய் வந்தார். சட்டை மடிப்புக் கலையாமல் புதிதாக இருந்தது. உள்ளறையில் யாரோ ஒரு கச்சேரிக் குழு விட்டுப்போன டிரம் செட் ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. அதைப் பற்றி யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

“எட்டு நிமிஷம் வாசிக்கறேன். டிரம்ஸ் மட்டும். புடிச்சுக் குடுப்பியா?”

“வாங்க பாய்.”

“நீ ஒண்ணும் சொல்லக்கூடாது. நல்லா இருக்கு, இல்லன்னு எதுவும். நான் வீட்டுக்குக் கொண்டுபோய் கேட்டுக்கறேன்.”

“ஒரு நகல் நான் வச்சிக்கட்டுமா?”

“வேணாம். இது எனக்கு.”

புது கேசட்டைப் பிரித்துப் போட்டேன். மைக்கை வைத்தேன். அவர் துணியை விலக்கி, தோல் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்த்து, ஒரு திருகை முடுக்கி, ஸ்டூலில் உட்கார்ந்தார். குச்சிகளைக் கையில் எடுத்தார். நான் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு தலையசைத்தேன்.

அவர் ஆரம்பிக்கவில்லை. குச்சிகளைத் தோலின் மேல் வைத்துவிட்டு எழுந்தார். டெக்கின் பின்னால் குனிந்து வயரைப் பிடித்தார். மேஜைக்குக் கீழே, நாற்காலிக்குப் பின்னால், அலமாரியை ஒட்டி, கையாலேயே தொடர்ந்து சுவர்வரை போனார். பிளக் சாக்கெட்டில் இருப்பதைப் பார்த்தார். கட்டைவிரலால் அதை ஒரு தடவை அழுத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“ம். போடு.”